பாதி வழிக் காபிக்கு நெருப்பு

அக்காவைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். பெண்ணில் குறையில்லை, பெண்ணை அவர்கள் பார்க்கவே இல்லை. கோத்தகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் எஸ்டேட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் அட்டையும் மழையும் சேர்ந்து பிடித்துக்கொள்ள, ஓடைக்கரையில் நின்று யோசித்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸிலேயே ஏறிவிட்டதாகக் கேள்வி.

அடுத்த முறை அம்மா ஒரு சட்டம் போட்டாள். மாப்பிள்ளை வீட்டாரை அதே ஓடைக்கரையில் மறித்து, சூடாகக் காபி கொடுத்து, தெம்பாக அழைத்து வர வேண்டும். பிளாஸ்க் என்ற பொருள் துரை பங்களாவில் மட்டுமே இருந்த காலம். ஆகவே அங்கேயே கல் கூட்டிக் காய்ச்ச வேண்டும். கொழுந்து குவிகிற மாதம் என்று, பேக்டரியில் டீ மேக்கராக இருந்த அப்பாவுக்குத் துரை லீவு தரவில்லை. பானையும் காபிச் சாமான் பையும் சுமந்த தாய்மாமாவும் நானும் கிளம்பினோம். நான் அப்போதுதான் குன்னூரில் பள்ளி இறுதி முடித்துவிட்டு, உலகத்துக்கு எதையாவது நிரூபித்துக் காட்டத் துடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கதவோரம் என்னை நிறுத்தினாள். மாப்பிள்ளைக்குக் குன்னூரில் குமாஸ்தா உத்தியோகம்; போட்டோவை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

"இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குது. உன்ற விஞ்ஞானத்தை எல்லாம் காட்டாம, காபியைக் குடுத்துக் கூட்டிட்டு வந்து சேரு."

விஞ்ஞானத்தைக் காட்டும் நிலை ஓடையிலேயே வந்துவிட்டது. பாசிக்கல்லில் கால் வழுக்கிக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் தீப்பெட்டி. யுத்தத் தட்டுப்பாட்டில் அரும்பாடுபட்டு வாங்கிய ஒரே பெட்டி. குச்சிகளின் மருந்து கூழாகி விரலில் ஒட்டியது.

மாமா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்கக்கா கல்யாணத்தைத் தண்ணியில முக்கீட்டயேடா."

"தீப்பெட்டி எதுக்குங்க மாமா? ஆதி மனுசன் தீப்பெட்டியா வெச்சிருந்தான்?"

"அவன் பொண்ணுப் பாக்க வர்றவங்களுக்குக் காபி வெச்சானா?"

பதில் யோசிப்பதற்குள் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் வளைவில் தெரிந்தார்கள். பெண்கள் அடுத்த தடவை வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். அட்டை கடித்த காலை ஒரு பார்வை, குளிர்ந்த பானையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார்.

"இதா, காபி ஆயிருச்சுங்க" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகிக் கொஞ்சம் வெயில் வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காய்ந்த சருகின் மேல் பிடித்தேன். சருகில் விழுந்தது நெருப்புப் புள்ளி அல்ல, வட்டமாக ஒரு நிழல். என்னுடையது கிட்டப்பார்வைக் கண்ணாடி. வெயிலைக் குவிக்காது, விரட்டிவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். வாத்தியாரின் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கேட்கலாமென்று வாயைத் திறந்ததும் பனி மூடிக்கொண்டது.

அடுத்து, கட்டையோடு கட்டை உரசல். உள்ளங்கை கொப்புளித்தது, கட்டை மழமழவென்று ஆனது. வாத்தியார் வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஏனுங்க தம்பி, பொகை வருதுங்களா?"

"வருமுங்க."

"இதே எவனாச்சும் பீடி குடிக்கறவன் கூட இருந்தா மடியில தீப்பெட்டி இருந்திருக்கும். நல்ல வேளை, நம்ம நாலு பேர்ல ஒருத்தருக்கும் அந்தப் பழக்கமில்லை. எங்க வம்சத்துலயே பொகையிலை வாசம் கெடையாதுங்க."

மாப்பிள்ளை எழுந்தார். "காஞ்ச சுள்ளி பொறுக்கீட்டு வர்றனுங்கப்பா."

எனக்கும் நல்ல சுள்ளி வேண்டியிருந்ததால் சற்றுப் பொறுத்துப் பின்னாலேயே போனேன். சில்வர் ஓக் மரத்துக்கு அப்பால், பாறை மறைவில் புகை வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து நான் தேடிய புகை. அதன் அடியில் பீடியும் கையுமாக மாப்பிள்ளை.

என்னைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அப்பாகிட்டச் சொல்லீராதீங்க மச்சான்" என்றார்.

இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை, நான் மச்சானாகிவிட்டேன்.

"தீப்பெட்டி இருக்குதுங்களா?"

காலிப் பெட்டியைத் திறந்து காட்டினார். "இப்பத்தான் கடைசிக் குச்சி போச்சுங்க மச்சான்."

பீடி வேறு பாதிக்கு வந்திருந்தது. கேட்டதும் நீட்டிவிட்டார். பானை தேய்க்க மாமாவின் பையில் நனையாமல் வந்த தேங்காய் நாரை, நெருப்புக்கு ஆகுமென்று கையில் வைத்திருந்தேன். அதைப் பந்தாகச் சுருட்டி நடுவில் பீடியைப் பொதித்துக்கொண்டு ஓடினேன். அடுப்புக்கு முன் பெரியவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு மரியாதைக்குக் கட்டையை நாலு இழுப்பு இழுத்து, நாரை ஊதினேன். கனன்றது. யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்துச் சருகைத் திணித்து இன்னும் ஊதினேன். குப்பென்று பிடித்துக்கொண்டது, என் புருவமும் கொஞ்சம்.

வாத்தியார் என் முதுகில் தட்டினார். "படிப்புன்னா இதுதானுங்க. என்ன வாசம் இது?"

"கற்பூர மரத்து எலைங்க."

"நல்ல வாசமுங்க" என்று இழுத்து மூச்சு விட்டார். மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு சுள்ளிகூட இல்லாமல் திரும்பி வந்ததை வாத்தியார் கவனிக்கவில்லை. இரண்டு டம்ளர் காபிக்குப் பிறகு அவரே முன்னால் நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தெரிந்துகொண்டுதான் தட்டைத் தூக்க வேண்டும் என்று பட்டது.

அக்கா டம்ளர்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "பீடியைக் கேட்டதும் குடுத்துட்டாரா?"

"உடனே. பாதிதான் குடிச்சிருந்தாரு."

"செரி, போ."

தட்டோடு கூடத்துக்குப் போனாள். தலை குனிந்துதான் போனாள், எல்லாம் முறைப்படி. மாப்பிள்ளையின் டம்ளருக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கிராம்பு இருந்தது. மாப்பிள்ளை கிராம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "எனக்குக் கிராம்பு இல்லீங்களா அம்மிணி?"

"உங்களுக்கு வேண்டியதில்லீங்க மாமா" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் மெல்ல ஆரம்பித்தார்.