மூன்று பெட்டிகளுக்கு ஒரே டெலிபோன்

“…ஒரே அடுப்புல மூணு மருமகளும் ஒரே நேரத்துல சோறாக்கோணும்னா எப்படிங்க தம்பி?” என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரம்மா கேட்டபோது, நான் மேசைக்கு அடியில் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பு என்றது அந்த ஆபீஸின் ஒரே டெலிபோன் லைனை. மருமகள்கள், அதில் மாட்ட வேண்டிய மூன்று கம்ப்யூட்டர்கள். அரை நாளாக இதே சிக்கலை எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இவ்வளவு சுருக்கமாக வரவில்லை. அவர் பேச்சில் இப்படி விழுவதையெல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன்.

ஏற்காட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த காலம் அது. யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கழற்றிக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டதுதான். அப்போது இன்டர்நெட் டெலிபோன் வழியாகத்தான். மோடம் டயல் செய்து, கீச்சிட்டு, வந்தால் வரும். கிளியூர்ப் பக்கம் இருந்த அந்தக் காபி எஸ்டேட்டில் மூன்று பெட்டிகள், மூன்று சுபாவம். வேலையாட்களின் வருகைப்பதிவு விண்டோஸில் இருந்தது. மூட்டை லேபிள்களெல்லாம் முதலாளியின் மகள் விட்டுப்போன நீல நிற மேக்கில். அதற்கு ஃபிளாப்பி போட வாயே கிடையாது. மழையளவும் நாற்று விவரமும் ஒரு கிழட்டுப் பெட்டியில். விண்டோஸைத் தாங்காது என்று நான்தான் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன்.

சேலத்தில் இருந்த முதலாளி சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்றிலிருந்தும் ஈமெயில் வர வேண்டும். இல்லையென்றால் ஆபீஸைச் சேலத்துக்கே இறக்கிவிடலாம். ரைட்டரம்மா தினமும் பஸ்ஸில் வந்துபோகட்டும்.

“இருபது கொண்டையூசி வளைவுங்க. எனக்கு மூணாவதுலயே கொடலு வாய்க்கு வந்துரும். கண்டக்டரு என்னியப் பாத்தா டிக்கெட்டுக்கு முன்னாடி கேரி பேக்கக் குடுப்பாருங்க,” என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு, “ஊட்டுல உக்காந்துக்க வேண்டியதுதான்,” என்றபோது சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷ வேலை.

நான் போட்ட திட்டம் எளியது. மோடத்தை லினக்ஸ் பெட்டியில் மாட்டுவது. அது டயல் செய்யும். மற்ற இரண்டும் கேபிள் வழியாக அதன் முதுகில் ஏறிப் போகும். மேக்கும் விண்டோஸும் லினக்ஸோடு பேச ஒப்புக்கொண்டன. ஆனால் டயல் செய்தால், மறுமுனை எடுத்தது, பாஸ்வேர்டு கேட்டது, பட்டென்று வைத்துவிட்டது. பத்து முறையும் அப்படியே. அதே மோடத்தைக் கழற்றி விண்டோஸில் மாட்டினால் உடனே உள்ளே போனது. ஆனால் அந்தப் பழைய விண்டோஸுக்கு மற்றவற்றை முதுகில் ஏற்றத் தெரியாது.

“உங்க பொட்டிக்குத்தானுங்க என்னமோ கோளாறு. சேலத்து இன்டர்நெட் ஆபீஸ்காரங்க அதைய உள்ள உட மாட்டேங்கறாங்க,” என்றார் ரைட்டரம்மா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விண்டோஸில் பாஸ்வேர்டை இன்டர்நெட் ஆபீஸ் ஆளே வந்து போட்டுக் கொடுத்திருந்தார். திரையில் வெறும் நட்சத்திரங்கள்தான் தெரியும். லினக்ஸுக்காக ரைட்டரம்மா அந்த ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டு, காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தார். அதை ஓர் எழுத்து பிசகாமல் அடித்திருந்தேன். அப்புறம் குற்றம் லினக்ஸுடையதாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டு நாள் அதன் செட்டிங்குகளை மாற்றி மாற்றி எழுதினேன். பனி இறங்கினால் லைனில் ஈரம் என்று பனியைத் திட்டினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆகிவிட்டது.

“நொம்ப நேரமாச்சு, தள்ளுங்க. நானே ஒருக்கா கேக்கறேன்,” என்று ரைட்டரம்மா ரிசீவரை எடுத்து இன்டர்நெட் ஆபீஸுக்கு டயல் செய்தார்.

“ஏனுங்க, எங்க பொட்டிய மட்டும் எதுக்குங்க வெளிய தள்றீங்க? …நீங்க சொன்னதேதானுங்க போட்டோம். படிக்கட்டுங்களா? எம்மு, ஐயி, எல்லு, ஏ, ஜீ, யூ, என்னு, ஜீ, ஏ.”

மறுமுனையிலிருந்து, ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்கும்படி ஒரு சிரிப்பு.

“அக்கா, யூ-வோட நிறுத்துங்க! பாஸ்வேர்டு மிளகு. அவ்வளவுதான். பின்னால ‘ங்க’ன்னது நான் உங்களுக்குக் குடுத்த மரியாதைங்க.”

மிளகுங்க. இரண்டு நாளாக அந்தத் தாள் என் கண்ணெதிரில்தான் தொங்கியது. எனக்கு அது தப்பாகவே படவில்லை. எங்கள் பக்கம் எந்த வார்த்தையும் ‘ங்க’வில் போய்த்தானே முடியும்!

“பொட்டிக்கு எதுக்குங்க மரியாதை,” என்று ரைட்டரம்மா கடைசி மூன்று எழுத்துகளையும் பேனாவால் அழுத்தி அடித்தார்.

மோடம் கீச்சிட்டது, இந்த முறை மறுமுனை வைக்கவில்லை. மழையளவு போனது. அடுத்து வருகைப்பதிவு. கடைசியாக மேக் நிதானமாக யோசித்து யோசித்து லேபிள்களை அனுப்பியது. முதலாளி கூப்பிட்டால் கிடைக்க வேண்டுமே என்று லைனைத் துண்டித்தேன். இரண்டு பேரும் டெலிபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மணி அடித்ததும் அவர் எழுந்து நின்று எடுத்தார். “ஆமாங்க மொதலாளி… மூணுமேங்களா? …இங்கயேங்களா? …சரீங்க.”

ரிசீவரை வைத்தார். நேராக அலமாரிக்குப் பின்னால் போனார். எட்டிப் பார்த்தேன். நாலு காபிச் சாக்குகள், எஸ்டேட்டின் பதிவேடுகளை அடைத்து வாய் கட்டி, சேலத்துக்கு ஏற்றத் தயாராக நின்றன. ரைட்டரம்மா முதல் சாக்கின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சணல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினார்.