மாமனாரின் சிவப்பு மை

என் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், மை ஒற்றும் தாள் ஒன்று இருக்கிறது. மேசை அளவுக்கு விரியும் பெரிய தாள். ஒரு காலத்தில் ரோஸ் நிறமாக இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. விரித்துப் பார்த்தால் முழுக்கச் சிவப்புக் கீறல்கள்தான் தெரியும். சுழிகள், வட்டங்கள், பெருக்கல் குறிகள், அங்கங்கே இடவலமாகத் திரும்பிப்போன இங்கிலீஷ் எழுத்துகள். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் குப்பைய ஏம்மா பொடவைக்குக் கீழ பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க" என்பாள். போடலாம், போடலாம் என்று நானும் வாங்கி மறுபடி உள்ளே வைத்துவிடுவேன். அந்தத் தாளுக்குச் சொந்தக்காரரை எனக்குப் பிடிக்காது. அவர் செத்து இத்தனை வருஷமாகியும் பிடிக்கவில்லை.

அவர் என் மாமனார். கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஓட்டல்காரர்கள் போர்டு எழுதுவதற்கு முன்னால் வாசகத்தை அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். சர்ச் நோட்டீஸ் அவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போகாது. ஏரியைச் சுற்றி நடக்கப் போனால் வழியிலுள்ள அறிவிப்புப் பலகைகளைக் குடை நுனியால் தட்டித் தட்டி, எது தப்பு என்று காற்றுக்குச் சொல்லிக்கொண்டே போவார். குளிரில் பேனா எழுதாமல் போய்விடுமென்று அதை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருப்பார். அந்தப் பேனாவுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை மனுஷருக்குக் காட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

நான் அய்யம்பாளையத்துப் பெண். தென்னந்தோப்புக்கு நடுவில் வளர்ந்து, தமிழில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி மலைக்கு வந்தேன். மாமியார் முன்பே இறந்துவிட்டார். கணவர் பட்டாளத்தில், வடக்கே வண்டிகள் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். கல்யாணமான இரண்டாம் மாதம் லீவு முடிந்து அவர் ரயிலேற, அந்த ஓட்டு வீட்டில் நானும் மாமனாரும் மிச்சமானோம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கணவர் குடும்பக் குவார்ட்டர்ஸுக்கு மனு எழுதிப்போட்டு என்னையும் அங்கே கூட்டிக்கொள்ள வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கடுதாசிதான் வழி. அந்த வழியில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டு வழக்கம் இப்படி. கணவருக்கு நான் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். "நாளைக்கு அவன் ஆபீசராவான். நீ நாலு பேரு முன்னாடி நிக்கணும். இப்பவே பழகிக்கம்மா" என்பார். சனிக்கிழமை காலையில் பென்சிலால் எழுதி அவர் மேசையில் வைக்க வேண்டும். அவர் சிவப்பு மையால் திருத்துவார். திருத்தியதும் கடுதாசியைக் குப்புறப் போட்டு, மேசையில் விரித்திருக்கும் மை ஒற்றும் தாளில் அழுத்துவார். பிறகு நான் அதைப் பார்த்து நீல மையில் நல்ல பிரதி எழுத வேண்டும். அந்தத் தாளை நான் தொடக்கூடாது, என் நீல மை காற்றிலேதான் காய வேண்டும். உறையும் தபால்தலையும் அவர் இழுப்பறைக்குள் இருக்கும். விலாசத்தை அவரே எழுதி, நடைக்குப் போகும்போது அவரே பெட்டியில் போடுவார். பென்சில் பிரதி மறுநாள் அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும். ஆரம்பத்தில் எனக்கே அது பெருமையாகத்தான் இருந்தது. என் அப்பா ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் பூரித்துப்போனார்.

எல்லாரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதினேன். சின்னச் சின்னப் பூ என்பதை 'ஸ்மால் ஸ்மால்' என்று எழுதினால் ஒரு 'ஸ்மால்' அடிபடும். 'ஐ ஆம் ஹேவிங்' என்று கண்டால் பல் வலி வந்தவர்போல் முகத்தைச் சுளிப்பார். கிராமர் முடிந்ததும் ஸ்டைலுக்கு வருவார். அங்கேதான் எனக்கு வினை. ஏங்கி ஏங்கி என்று எழுதினால் ஒரு தடவை ஏங்கினால் போதும் என்பார். எப்போது கூட்டிப் போவீர்கள் என்று எழுதினால், "இத போன வாரமே எழுதிட்ட. சொன்னதையே சொல்றது மட்டமான ஸ்டைலு" என்று ஒரே இழுப்பில் அடிப்பார். எல்லாத் தப்பும் போனபிறகு கடுதாசியில் மிஞ்சுவது, நான் நலம், இங்கே மழை, மாமா நலம். அதில் ஒரு பிழைகூட இருக்காது. நானும் இருக்கமாட்டேன்.

கணவரிடமிருந்து வருவதும் அப்படித்தான். அப்பா பெயருக்கு வரும் உறைக்குள் எனக்கென்று ஒரு தாள் இருக்கும். மாமனார் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அதிலும் திருத்தம் போட்டு, அடுத்த தபாலில் மகனுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். மகன் ஹாஸ்டலில் படித்த காலத்திலிருந்து அப்படியாம். அதனால் அந்த நாட்களில் என் கணவர் எழுதிய ஒரு கடுதாசியைக்கூட நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அக்கா பள்ளிக்கூடத்துச் சலவை அறையில் வேலை பார்த்தார். ஒருநாள் அவரிடம் இதைச் சொன்னேன். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். "என்னா தங்கச்சி இது அநியாயம்! எங்க தோட்டத்துல கங்காணிகூட அடுத்தவன் கடுதாசியில கை வைக்க மாட்டான்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். எனக்கு இருபது வயது, அவர் ஊருக்கே மாஸ்டர்.

கணவர் லீவில் வந்துபோன பிறகு எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. ஐந்தாம் மாதம், ஐப்பசி மழையில், ஒரு மத்தியான நேரம் கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமனார் வீட்டில் இல்லை. அந்த அக்காதான் என்னைத் தோளில் சாய்த்து, ஒரு சாக்கைத் தலைக்கு மூடி, சரிவில் நடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை நிற்கவில்லை. ஆண் பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பின்பக்கம் எங்கோ புதைத்தார்கள். எங்கே என்று எனக்கு யாரும் காட்டவில்லை. பிறகு அந்த இடமெல்லாம் கட்டடமாகிவிட்டது.

எழுந்து உட்கார முடிந்ததும் பென்சிலை எடுத்தேன். இருந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி எழுதினேன். மழை பெய்தது, உங்களைக் கூப்பிட்டேன், குழந்தை போய்விட்டது, மழை பெய்தது, உங்களைக் கூப்பிட்டேன், மழை பெய்தது. இப்படித்தான் வந்தது. வேறு எப்படி வரும்? மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். எப்போதும் வெறுங்கையால் கோடு இழுத்து அடிக்கிறவர் அன்றைக்குத்தான் ஸ்கேல் வைத்தார், முழு வரிகளாக அடிக்க வேண்டியிருந்ததால். மூன்று கோடுகள். "துக்கத்துலயும் ஒரு ஒழுங்கு வேணும்மா. ஒரு விஷயத்த ஒரு தடவ சொன்னாப் போதும்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. குப்புறப் போட்டு அழுத்திக் கொடுத்தார். குழந்தை தவறிவிட்டது, நான் தேறி வருகிறேன் என்று நீல மையில் நல்ல பிரதி எழுதினேன்.

பதில் வந்தது. செய்தி அறிந்தேன், உடம்பைப் பார்த்துக்கொள், எல்லாம் கடவுள் சித்தம். மாமனார் வாசித்துவிட்டு, "இங்கிலீஷ்ல தேறிட்டான். ஒரே ஒரு தப்புதான்" என்று பேனாவைத் திறந்தார். அன்றைக்கு அவர்மேல் வந்ததைவிடக் கணவர்மேல்தான் எனக்கு அதிக வெறுப்பு வந்தது. இப்படி ஒரு கல்லுக்கா வாழ்க்கைப்பட்டோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸ் பேச்சையே எழுதவில்லை. யாரோடு போய் வாழ்வதற்குக் கேட்பது?

அடுத்த கோடை சீசனில் கணவர் லீவுக்கு வந்தார். நான் சோறு போட்டேன், துணி துவைத்தேன், முகம் பார்த்துப் பேசவில்லை. அய்யம்பாளையத்துக்கு என் வீட்டாரைப் பார்க்கக் கிளம்பினோம். மலைப்பாதையில் பாதி இறக்கத்தில் பஸ் சூடாகி நின்றுவிட்டது. கண்டக்டர் தண்ணீர் தேடிப் போனார். நாங்கள் ஒரு பாலத்துச் சுவரோரம் போய் நின்றோம்.

"ஒன் லெட்டரப் படிச்சா எங்கப்பா எழுதுன மாதிரியே இருக்கும்" என்றார்.

"அவருதான எழுதுனாரு."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் விடவில்லை. "நீங்க மட்டும் என்ன எழுதிக் கிழிச்சீங்க? பிள்ள செத்துப் போச்சுன்னு எழுதுனா, கடவுள் சித்தம்னு மூணு வரி."

சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பள்ளத்தைப் பார்த்தார். பிறகு, "அப்பா படிப்பாரு, திருத்தி அனுப்புவாருன்னு தெரியும்ல. தப்பு வராத வரியா பாத்துப் பாத்துத்தான் எழுதுவேன். சின்னதுல இருந்தே அப்படித்தான். அந்தச் சேதி வந்தன்னைக்கு நாலு தாளு எழுதுனேன். எல்லாத்துலயும் எங்கயாவது தப்பு இருக்குமோன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார்.

முப்பதை நெருங்கிய ஆள், பட்டாளத்துக்காரர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொன்னார். நான் எழுதியதை அங்கேயே தமிழில் சொன்னேன். மழை பெய்தது என்று எத்தனை தடவை எழுதினேனோ அத்தனை தடவையும் சொன்னேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்க்க அவர் அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேரையும் பிடித்துத் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருந்த அந்த மனுஷனை அன்றைக்கு நான் வாய்விட்டுச் சபித்தேன். கணவர் தடுக்கவில்லை.

லீவு முடிந்து போன கையோடு குவார்ட்டர்ஸுக்கு மனுப் போட்டார். கிடைத்தது, போனேன். "வாரா வாரம் எழுதும்மா, திருத்தி அனுப்புறேன்" என்று மாமனார் பஸ் ஸ்டாண்டு வரை வந்து சொன்னார். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அங்கேதான் மகள் பிறந்தாள்.

எண்பதுகளில் கணவரைக் குடும்பம் வைத்துக்கொள்ள முடியாத எல்லைப் பகுதிக்கு மாற்றினார்கள். நான் மகளோடு கொடைக்கானலுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. மாமனாருக்கு அப்போது இரண்டு கண்ணும் போய்விட்டிருந்தன. பேனா மட்டும் ஸ்வெட்டருக்குள் இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, வெந்நீர், மருந்து, எதிலும் நான் குறை வைக்கவில்லை. கணவரின் கடுதாசி இப்போது என் பெயருக்கு, தமிழில், பக்கம் பக்கமாக வந்தது. தப்பும் தவறுமாக, அடித்துத் திருத்தி, சொன்னதையே திரும்பச் சொல்லி எழுதுவார். அப்பா நடக்கிறாரா, வந்ததும் அவர் கையைப் பிடித்து ஏரியை ஒரு சுற்றுக் கூட்டிப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். அத்தனைக்குப் பிறகும் பெற்றவர்மேல் பாசம் அவருக்கு.

"என்னம்மா எழுதிருக்கான்?" என்பார் மாமனார்.

அவர் கற்றுக்கொடுத்த அதே இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல் நான் சொல்வேன். நான் நலம், இங்கே குளிர், அப்பாவுக்கு வணக்கம். "கரெக்ட்" என்பார், முதலில் திருப்தியாக. மாதங்கள் போகப் போக அந்தக் 'கரெக்ட்' சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் முகத்தை என் பக்கம் திருப்பி, "தாளு பொரட்டுற சத்தம் நெறையக் கேட்டுச்சேம்மா. அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"ஒரு விஷயத்த ஒரு தடவ சொன்னாப் போதும்லங்க மாமா" என்றேன்.

அவர் கை ஸ்வெட்டருக்குள் போய்ப் பேனாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. அதன் பிறகு தபால்காரர் வரும் நேரத்துக்குத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். மகன் அடுத்த லீவுக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்தார். ஏரிக்கரை நடை நடக்கவில்லை. எனக்கு வருத்தமுண்டா என்று கேட்டால், என் கணவருக்காக உண்டு. கிழவருக்காக இல்லை. அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்து, மாஸ்டர் மாதிரி வருமா என்று பேசிக்கொண்டது. நான் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன்.

மேசையைக் காலி செய்தபோதுதான் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். பென்சில் ஒட்டாது என்பதால் நான் எழுதியதில் ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. எல்லாம் அவருடைய சிவப்புத்தான். இன்று காலையில்கூட விரித்துப் பார்த்தேன். இடது ஓரத்தில், அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவே, ஸ்கேல் வைத்து இழுத்த மூன்று நேர்க்கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. தாள் முழுவதும் தேடினாலும் அப்படி வேறு கோடுகள் இல்லை. மகள் அடுத்த வாரம் வருகிறாள். குப்பை என்று கையில் எடுத்தால் இந்த முறை பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு ஓர் அண்ணன் இருந்தான், கல்லறை இல்லை, பெயர் இல்லை, அவன் இருந்ததற்கு இந்த மூன்று கோடுகள்தான் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.