காலையில் வந்து பாருங்கள் என்றவர்

சயாமில் ரயில் பாதை போடப் போய் உயிரோடு திரும்பிய தங்கராசு, போன வாரம் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சொன்னான்: "வடிவேலு மொத மழையிலயே போயிட்டான். அவனப் பொதைச்ச டிரசர் ஐயாவும் பத்தே நாள்ல, பேதியில போயிட்டாரு."

எங்கள் சுவா ஊரைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் டிரசர் கந்தையாவை அறியாதவர்கள் குறைவு. தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனித்துவந்த யாழ்ப்பாணத்துக்காரர், கடுமையான வாய். டாக்டர் எட்டிப் பார்க்காத ஜப்பான்காரன் காலத்தில் அவரே எங்களுக்கு டாக்டர். மருந்து கலக்குபவனாக அவரோடு ஒன்பது ஆண்டுகள் இருந்தேன்.

வடிவேலு பால்மரம் வெட்டுபவன். முப்பது வயதிருக்காது. மணிக்கட்டும் முழங்காலும் வீங்கி, காலையில் கத்தி பிடிக்க விரல் மடங்காது. வெயில் ஏறியதும் மெல்ல நடமாடுவான். அதனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவனைச் சோம்பேறி என்றான். கந்தையா என் கையைப் பிடித்து அவன் முழங்காலில் வைத்தார். கொதித்தது.

"தேய்ஞ்ச மூட்டு வேறை, இது வேறை. காயம் பட்டா உடம்பு இரத்தத்தை அனுப்பிக் காவல் காக்கும். அதுதான் வீக்கம், அதுதான் சூடு. இவனுக்குக் காயமே இல்லை. காவல் மட்டும் போகமாட்டன் எண்டு நிண்டு மூட்டையே தின்னுது."

வலிக்குத் தரும் சாலிசிலேட் மருந்து தீர்ந்த பிறகு வெந்நீர் ஒத்தடம்தான். வடிவேலுவின் மனைவி அஞ்சலை குணமாகுமா என்று கேட்டாள். "நோவு கொஞ்சம் குறையும். நோய் போகாது, பிள்ளை" என்றார். பொய் சொல்லி ஆற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்த ஜப்பானிய அதிகாரி ஒரு மத்தியானம் எல்லோரையும் நிற்கவைத்தான். வடிவேலுவும் நடந்துதான் வரிசைக்கு வந்தான். "இவன் நோயாளி. காலையில வந்து பாருங்கோ" என்றார் கந்தையா. அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பவர் அதைச் சொன்னார்.

மறுநாள் காலையில் அதிகாரி உண்மையிலேயே வந்தான். இரண்டு பேர் தூக்கித்தான் வடிவேலுவை உட்காரவைத்தோம். அதிகாரி முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். வடிவேலு பிழைத்தான் என்று நினைத்தேன். அதிகாரியோ என் பக்கம் திரும்பி, "நீயும் மருந்துக்காரன்தானே? இவனால் வேலை செய்ய முடியுமா, முடியாதா?" என்று கேட்கச் சொன்னான்.

நான் தரையைப் பார்த்தேன்.

"முடியாது என்று உன்னாலேயே சொல்ல முடியவில்லை. அப்படியானால் இவன் போகட்டும். அவ்வளவு அக்கறையுள்ள டிரசரும் கூடப் போய்க் கவனிக்கட்டும்" என்றான்.

லாரி ஏறுமுன் கந்தையா என் தோளைத் தொட்டார். "நீர் பேசாமல் இருந்தது நல்லது. ரெண்டு பேரும் போனா இஞ்ச ஆர் பாக்கிறது?"

இப்போது அவர் இடத்தில் இருக்கும் என்னையும் ஐயா என்கிறார்கள். நேற்று அஞ்சலை வந்து கேட்டாள்: "அன்னிக்கு நீங்களும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பானாய்யா?"

விட்டிருக்கமாட்டான் என்றே நினைக்கிறேன். அதை அவளிடம் சொன்னால் என்னை நானே மன்னித்துக்கொண்டதாகிவிடும். கந்தையாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் தந்துபோன மன்னிப்பு ஒன்றுதான். அதை ஏற்றுக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை.