கப்பலில் ஏறிய வேன் எஞ்சின்

அவர் நடத்தியது சலவைக் கடை. ஆனால் தெருவுக்கே அவர் கப்பல்காரர். பழைய அமெரிக்க சொகுசு கார் ஒன்றை வாங்கி, அதன் வால் கொட்டகைக்குள் அடங்காமல் தெருவில் நீட்டிக்கொண்டிருக்க விட்டவரை வேறெப்படிக் கூப்பிடுவது? பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகும்? கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். யானையிடம் போய்ப் பால் கறக்குமா என்று கேட்கிற ஜனங்கள்.

வாரமெல்லாம் இஸ்திரிச் சூட்டில் வெந்தவர், ஞாயிறு காலை அதை ஸ்டார்ட் செய்வார். எட்டு சிலிண்டர் எஞ்சின் ஓடுவதே தெரியாது. பானெட் மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் சொட்டு சிந்தாது. அதன் மெல்லிய முனகலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான்.

வயிற்று ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேன் ஓட்டும் மைத்துனன் அந்த எஞ்சினைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு, ஒரு வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தினான். அக்காவும் உடந்தை. கப்பல்காரரை அசத்த வேண்டுமென்று இருவரும் மூச்சு விடவில்லை.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே சாவியைத் திருப்பினார். தடதடவென்று கார் முழுக்க ஆடியது. பின்னால் கரும்புகை கிளம்பியது.

மைலேஜ் மூன்று மடங்கு என்றான் மைத்துனன், பல்லெல்லாம் தெரிய.

“இனிமே எங்க வேணும்னாலும் போய்ட்டு வரலாங்க” என்றாள் மனைவி.

“எங்கயாவது போறதுக்காடி இத வச்சிருந்தேன்?”

பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இருவரையும் ஏற்றிக்கொண்டு நேரே காயலான் கடைக்கு விட்டார். அங்கே எஞ்சினைச் சம்மட்டியால் உடைத்து, ஓட்டை வாளிகளோடும் மின்விசிறி இறக்கைகளோடும் குவித்திருந்தார்கள். அதில் எது எஞ்சின் என்று பிரித்துப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. கார் சாவியைத் தராசுத் தட்டில் வீசினார்.

“மிச்சத்தையும் எடுத்துக்கப்பா” என்றார் கடைக்காரரிடம்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைத்துனனுக்கு முகம் செத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே தரையில் படுத்துக் கிடந்து, மலச்சட்டி எடுத்தவன் அவன்.

“நல்லதுக்குத்தான மாமா செஞ்சேன்.”

“தெரியும்டா. அதான் உன்ன ஓங்கி ஒரு அறைகூட விட முடியல.”