துணி கொண்டு வராத பெண்

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் சலவை அறையைப் பார்த்துக்கொள்பவளைப் பிள்ளைகள் சலவையக்கா என்றே கூப்பிடுவார்கள். ஆறு மெஷின், ஒரு ஜன்னல், பதினோரு வருஷ வேலை.

அந்த வருஷம் மாணவர் நலப் பிரிவுக்குப் புது அதிகாரி ஒருத்தி வந்தாள். பிள்ளைகளின் மனநிலையை அறிய நாற்பது கேள்விகள் அடங்கிய படிவத்தை அறை அறையாகக் கொடுத்தாள். அறுநூறு போனது, முப்பத்தொன்று திரும்பி வந்தது. அதிலும் ஒருத்தி பதில் எழுதாமல் பூனைப் படம் வரைந்திருந்தாள்.

சட்டையில் கொட்டிய காபியை அலச வந்தபோது அதிகாரி புலம்பித் தீர்த்தாள்.

“யாரு நல்லா இருக்கா, யாரு இல்லன்னே தெரியலக்கா.”

“துணிய வெச்சுப் பாருங்க மேடம். வாரம் தவறாம வர்ற புள்ள திடீர்னு நின்னுட்டா ஏதோ சரியில்லன்னு அர்த்தம். மாடியில கடைசி ரூம் பொண்ணு மூணு வாரமா வரல. நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.”

“இப்பப் போலாமா?”

போனார்கள். திரை மூடிய அறை. நாற்காலி தெரியாமல் துணிக் குவியல், கட்டிலில் அந்தப் பெண். அதிகாரி வாய் திறக்கும் முன் அக்கா முந்திக்கொண்டாள்.

“மூணாம் நம்பர் மெஷின்ல ஒரு பட்டன் புரியலம்மா. வந்து பாத்துச் சொல்லேன்.”

“இத்தன வருஷமா இருக்கீங்க, பட்டன் தெரியாதா?”

“வயசாகுதுல்ல.”

பச்சைப் பொய் என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குவியலை அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

துணி சுற்றி முடிய நாற்பது நிமிஷம். அதற்குள், மெஷினைப் பார்த்தபடியே அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். கணிதத்தில் தோற்றது, வீட்டில் மறைத்தது, வகுப்பை விட்டது எல்லாம். மறுதேர்வுக்கு வழியிருக்கிறது என்றாள் அதிகாரி. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அம்மா முதலில் கேட்டது, “சாப்டியா?”

அடுத்த வாரமே சலவை அறைக்கு இரண்டு பெஞ்சு வந்தது. அதிகாரி புதன்தோறும் தன் அழுக்கு மூட்டையோடு வந்து உட்கார்ந்தாள். அவள் அலுவலகத்தை எட்டிப் பார்க்காதவர்கள் இங்கே பேசினார்கள். அக்கா வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னாள்.

“என் சட்டையும்தான் நாலு நாளா கெடக்கு. என்னை யாரும் விசாரிக்கல” என்றான் கணவன்.

“உங்களுக்குக் கை நல்லாத்தான இருக்கு” என்று சோப்பை நீட்டினாள்.

மறுதேர்வில் அந்தப் பெண் ஐம்பத்திரண்டு வாங்கினாள். சொல்ல ஓடி வந்தபோது, யாரோ தொலைத்த ஒற்றைச் சாக்ஸைத் தேடி அக்கா மெஷினுக்கடியில் தலையை விட்டிருந்தாள்.

“இருடி, வர்றேன்” என்று குரல் மட்டும் வந்தது. எழுந்தவள் தலையெல்லாம் தூசியோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.