கன்னியம்மா சொன்ன தீர்ப்பு

சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணம் உப்பளத்தில் முதியோர் கல்வி டீச்சராகப் போன முதல் நாளே மேஸ்திரி ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, உப்பு வார்ற பொம்பளைங்களுக்கு கதை எதுக்கு? சோத்து நேரத்துல படிச்சிட்டு கெளம்பு. வேலை கெட்டுச்சு, உள்ள வுட மாட்டேன்.”

“கெட்டா நானே வர மாட்டேங்க, போதுமா?” என்றேன். எனக்கும் வாய் குறைச்சல் இல்லை.

பாடப் புத்தகத்தில் சரித்திரம், புராணம், கற்பனை என்று ஒரு பக்கக் கதைகள். படித்து முடித்ததும், அடியில் ‘நீதி’ என்று அச்சடித்திருக்கும் வரியைச் சொல்லித்தர வேண்டும். டிரெயினிங்கில் அப்படித்தான் சொன்னார்கள். இங்கே அது நடக்கவில்லை. அந்த வரிக்கு வருவதற்குள், உப்பு வாருகிறவர்களில் வாயாடியான கன்னியம்மா கை காட்டி நிறுத்திவிடுவாள்.

“இரு டீச்சர். தீர்ப்பு நாங்க சொல்றோம்.”

ராஜா, சாமியார், திருடன், ஒருத்தனும் தப்ப மாட்டான்.

ஒரு நாள் கோட்டைக் காவல்காரன் கதை படித்தேன். கோட்டைக்கு வெளியே வெள்ளம் ஏறுகிறது. முன்பு அவனோடு சண்டை போட்ட பக்கத்து ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு வந்து கதவைத் தட்டுகிறார்கள். ராஜா உத்தரவு இல்லை என்று அவன் திறக்கவில்லை.

கன்னியம்மா காறித் துப்பினாள். “தூ! உத்தரவாம். பழைய சண்டைய மனசுல வெச்சிக்கினு வுட்டுட்டான். அவன்லாம் மனுசனா?”

அந்த வாரமே திடீரென்று கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. அடித்துப்பிடித்து எங்கள் உப்பு அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டோம். பக்கத்துப் பாத்தியில் ஸ்டெல்லா தனியாகக் கீற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அன்று மாதா கோயில் தேர், அவளுடைய ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், குத்தகைக்கு எடுத்த பாத்தி அது. அந்த அம்பாரம் கரைந்தால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

ஆனால் போன மாதம்தான் எங்கள் வரப்பை உடைத்துத் தண்ணீரைத் திருப்பியிருந்தாள். அன்றைக்கு அவளும் கன்னியம்மாவும் முடியைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

“நம்மது மூடியாச்சு, ஷெட்டுக்கு வாங்க. அவ கெடக்குறா!” என்று மேஸ்திரி கத்தினார்.

எல்லோரும் ஷெட்டுப் பக்கம் நடந்தார்கள். கன்னியம்மாவும் நடந்தாள். பாதி வரப்பில் நின்றாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்யய்யோ, அந்தக் காவக்காரன் நான்தான்டீ! அன்னிக்கு அவன் மேல துப்பினேன். இப்ப ஷெட்டுக்குள்ள போனா யார் மேல துப்புறது? வாங்கடீ!”

அத்தனை பேரும் ஓடினார்கள். திட்டிக்கொண்டே நின்ற மேஸ்திரியும் கடைசியில் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடி முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. ஓரம் கொஞ்சம் கரைந்தது, அம்பாரம் தப்பித்தது.

ஸ்டெல்லா கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அழுவாத. வரப்ப ஒடச்ச இல்ல, அத நாளைக்குப் பேசிக்கலாம்” என்றாள் கன்னியம்மா.

நனைந்துபோய் நின்ற எனக்கு அன்று இருந்த பெருமை எந்த ராணிக்கும் இருந்திருக்காது.

இப்போது புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதையைப் படியுங்கள், ‘நீதி’ வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள். காவல்காரன் கதைக்கு அடியில் அச்சடித்திருந்ததை நான் அவர்களுக்குப் படித்துக்காட்டவே இல்லை. ‘இட்ட ஆணையை மீறாதே’ என்று போட்டிருந்தது.