பகலில் சொன்ன நரிக் கதை

நேற்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. டிவி அணைந்ததும் பேத்தி, "தாத்தா, கதை சொல்லுங்க" என்று வந்து நின்றாள். நான் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பகல், வெங்காய நெடி, கதை. மூன்றும் சேர்ந்ததும் செல்லம் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா பெங்களூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போனதால், குன்னத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தாள். எழுபதுகளின் கடைசி அது. பொழுது சாய்ந்தால் கதை. அரியலூர்ச் சந்தைக்கு வெங்காயம் விற்கப்போன நரியின் கதைதான் அடிக்கடி. விற்காத மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நரி நெடி தாங்காமல் கண்ணீரும் கம்பலையுமாக வீடு திரும்பும். தன்னைப் பிரிந்த ஏக்கத்தில்தான் அழுகிறது என்று பொண்டாட்டி நரி பூரித்துப்போகும். கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அத்தை நிறுத்திவிடுவாள். உம் கொட்டுவதில் நான் சூரன். அந்தப் பழக்கத்தில் கணக்கு வாத்தியாருக்கும் கொட்டி முதுகில் வாங்கியிருக்கிறேன்.

பகலில் மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்ல மாட்டாள். "பகல்ல கதை சொன்னா வழியில வர்றவங்க வழி தப்பிடுவாங்கடா. ஒங்க மாமா வூடு வந்து சேர வேணாமா?"

கூடப் போனவர்கள் பொங்கலுக்குத் திரும்பினார்கள். மாமா வரவில்லை. "சேலத்துல டீ குடிக்க எறங்குனாரு, பஸ்ஸு எடுக்கறப்ப ஆளக் காணோம்" என்றார்கள். அப்பா தேடிப்போய் வெறுங்கையோடு வந்தார். அடுத்த பொங்கலும் போனது. அத்தை அழுதாளா என்று எனக்குத் தெரியாது. வெங்காயம் அரியும்போது எல்லார் கண்ணும்தான் கலங்கும், அதில் எதைக் கண்டேன்.

ஒரு நாள் உச்சி வெயில். களத்துக் கொட்டகையில் பெண்கள் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி வழக்கம்போல, "அத்தே, கதை" என்று நச்சரித்தாள். அத்தை தலை நிமிராமல் ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்."

அம்மாவின் கை நின்றது. "செல்லம், பகல்டி இது."

"தெரியும் அண்ணி" என்றாள் அத்தை. "உம் கொட்டுங்க புள்ளைங்களா."

கொட்டினோம். பொண்டாட்டி நரி பூரிக்கிற இடம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா இனி வரமாட்டார் என்று யாரும் எங்களுக்குத் தனியாகச் சொல்லவில்லை. அதன் பிறகு அத்தை எந்நேரமும் கதை சொன்னாள், கேட்டால் போதும்.

அத்தையும் போய்விட்டாள். அப்பா, அம்மா, தங்கச்சி என்று ஒவ்வொருவராகப் போனார்கள். களம் இருந்த இடத்தில் செல்போன் டவர் நிற்கிறது. பேத்திக்கு நரிக் கதையை முழுசாகச் சொன்னேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வழி தப்பிவிடுவார்களோ என்று நான் பயப்பட, இப்போது வழியில் யாரும் இல்லை.